முந்தி எழுதிய இரண்டு பெயர்கள்

ஊசிமலை ஆஸ்பத்திரிக்கு மூன்று தட்டு. தேயிலைக்கு மலையை வெட்டிய மாதிரியே ஆஸ்பத்திரிக்கும் வெட்டியிருந்தார்கள். கீழ்த் தட்டில் மருந்து கொடுக்கிற இடமும் துணி அறையும். நடுவில் ஆண்கள் வார்ட். மேலே, மேகம் ஜன்னலுக்குள் வந்து போகிற உயரத்தில், பிள்ளைப்பேறு வார்ட். கீழேயிருந்து மேலே போக ஐம்பத்திரண்டு படி என்று அட்டெண்டன் இராக்கம்மா சொல்வாள். இருபது வருஷமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கியவள், கணக்கு தப்பாது. தாதி ஜிப்னாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவள் ஓடித்தான் ஏறுவாள், ஓடித்தான் இறங்குவாள்.

ஓட்டத்துக்குக் காரணம் அவளுக்குக் கிடைத்திருந்த பத்து நிமிஷம்.

ஒன்பது தாதிமார் இருக்க வேண்டிய வார்டில் நாலு பேர் இருந்தார்கள். மிச்சப் பேர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். இருந்த நாலு பேரில் ஒருத்தி தொழுகைக்கென்று கீழே இறங்கிப் போனால், மூன்று பேர் முப்பது கட்டிலைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஜிப்னா கேட்கவே இல்லை. பகல் தொழுகையான ளுஹரையும் பின்னேரத் தொழுகையான அஸரையும் விட்டுவிட்டு, பதுளையில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, தவறிய தொழுகைகளைச் சேர்த்துக் கலாத் தொழுவாள். நின்றபடியே தூங்கி விழுவாள். மாமியார் ஸைனப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளெண்டா சரி மகள். ஒவ்வொரு நாளும் கலாவாக்கினா அது என்ன தொழுகை? இந்த வேலைய உட்டுப் போடு. புவாத் ஒழைக்கிறது போதாதா?"

புவாத் அவள் புருஷன். பிஸ்கட் கம்பெனி வேன் ஓட்டி, பசறைப் பக்கத்துக் கடைகளுக்குச் சாமான் போடுகிறவன். உம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அகப்பட்டு, "மாசம் முடியட்டும், பாப்பம்" என்று சொல்லி வைத்திருந்தான்.

அன்றைக்குத்தான் ஜிப்னா வார்ட் சிஸ்டர் விஜயலெட்சுமியிடம் போய், தொழ நேரம் கேட்டு நின்றாள். பண்டாரவளைக்காரி சிஸ்டர், முப்பது வருஷ சர்வீஸ், சிரித்தால் சம்பளம் வெட்டுவார்கள் என்று நினைக்கிற முகம்.

"தேத்தண்ணி நேரம் ஒனக்கு வேணாமா?"

"வேணாம் சிஸ்டர்."

"பகல்ல பத்து நிமிசம், சாயந்தரம் பத்து நிமிசம். பதினோராவது நிமிசம் நீ வார்ட்ல நிக்கலேன்னா அன்னையோட சரி. அந்த நேரத்துல ஒரு பிழை வந்துச்சுன்னாலும் சரி. பொறவு எங்கிட்ட வந்து அழப்படாது."

அப்படிக் கிடைத்த பத்து நிமிஷம் அது. இரண்டு மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. ஸைனப் மாமி வாயை மூடிக்கொண்டார். ஜிப்னாவுக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் காப்பாற்ற, மற்ற வேலைகளிலிருந்து ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷமாகப் பிய்த்து எடுக்கப் பழகியிருந்தாள். மருந்துத் தட்டை முந்தியே அடுக்கிவைப்பாள். வெப்பமானியை ஒருவருக்கு வைத்துவிட்டு மற்றவருக்குப் பிரஷர் எடுப்பாள். நல்ல கெட்டிக்காரி என்று பேர் எடுத்திருந்தாள். அந்தக் கெட்டித்தனத்தில்தான் வினையும் இருந்தது.

மார்கழி மழை விடாமல் அடித்த ஒரு வியாழக்கிழமை. விடியப்புறம் தோட்டத்து மேல் டிவிசன் லயத்து வீட்டிலிருந்து கலாராணியைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண், தலைப் பிரசவம். புருஷன் ஜீவன் அவளைப் பாதி தூரம் முதுகிலும் மீதி லொறியிலுமாகக் கொண்டுவந்திருந்தான். அவசரத்தில் கர்ப்பிணி அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

"எங்கப்பா அட்டை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"சாமிப்படத்துக்குப் பின்னால இருக்குங்க சிஸ்டர்."

"சாமிக்கா பிரசவம்? ஓடிப்போய் எடுத்தா."

அவன் அந்த மழையில் திரும்ப மலையேறினான். பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு கலாராணிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அஜந்தன் டொக்டர் சின்னப் பையன்தான், ஆனால் கை நிதானம். ஒரு மணி நேரம் போராடி நிறுத்திவிட்டார். நின்றது நின்றாலும் போனது போனதுதானே. கலாராணியின் உதடு வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. நாடி பிடித்தால் குருவி நெஞ்சு மாதிரி அடித்தது. இந்த நிலையில் அவளை வளைவு ரோட்டில் ஆட்டி அசைத்துப் பதுளைக்குக் கொண்டுபோகப் பயம் என்றார் டொக்டர். இரத்த மாதிரியை அனுப்பினால் அங்கே பொருத்தம் பார்த்து இரத்தப் பை கொடுத்துவிடுவார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சிவபாக்கியம். ஏழு மாதக் கர்ப்பிணி, பதுளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள். இரத்தம் குறைவென்று சேர்த்திருந்தார்கள். அவளுடைய மாதிரியும் அதே வண்டியில் போகட்டும் என்றார் டொக்டர்.

அப்போது பன்னிரண்டு நாற்பது.

ஜிப்னா இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். இரத்தத்தை எடுத்த பிறகு, அந்த நோயாளியின் தலைமாட்டில் நின்று, பேரைக் கேட்டு, அங்கேயே எழுதி ஒட்ட வேண்டும். தாதிப் படிப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது. ஆனால் முந்தி எழுதினால் இரண்டு நிமிஷம் மிச்சம். மேசையில் வைத்தே இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினாள். கலாராணியின் குழாயை உடுப்பின் இடது பையில் போட்டாள், சிவபாக்கியத்தின் குழாயை வலது பையில் போட்டாள். இரண்டு பேரிடமும் இரத்தம் எடுத்தாள். அம்புலன்ஸ் ஓட்டுகிற இராசையாவின் கையில் பெட்டியைக் கொடுத்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கீழே ஓடித் தொழுதாள். ஒரு மணிக்கு வார்டில் நின்றாள். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று இருபதுக்கு இராசையா பையோடு வந்து சேர்ந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையொன்றை ஏற்றிக்கொண்டு உடனே பதுளைக்குத் திரும்பினார். சிஸ்டரும் ஜிப்னாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று பையைச் சரிபார்த்தார்கள். பையில் கலாராணி, படிவத்தில் கலாராணி, கட்டிலில் கலாராணி. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

"நான் ஏத்துறேன். நீ போ, ஒன் நேரம் ஆச்சு" என்றார் சிஸ்டர்.

துணி அறையில் வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளின் நடுவே ஒரு பாய் போடுகிற இடம். இராக்கம்மா அதைத் தினமும் கூட்டி வைத்துவிடுவாள். "சாமி கும்புடுற எடம் யாருதா இருந்தா என்ன, குப்பையாவா கெடக்கும்" என்பாள். அன்றைக்கும் வாசலில் உட்கார்ந்து கிழிசல் விரிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜிப்னா முகம் கை கால் கழுவி வுழூ செய்து, தொழுகை உடுப்பை மாட்டி, அஸருக்குத் தக்பீர் கட்டினாள். வலது கை இடது கையின் மேல். நாலு சுற்றில் முதல் ரக்அத் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் நின்று பாத்திஹா ஓதும்போது மனசு தன் பாட்டில் வேறு பக்கம் போனது. தொழுகிறவர்களுக்கு இது தெரியும். எங்கே தேடியும் கிடைக்காத சாமான் தொழுகையில்தான் நினைவுக்கு வரும். கட்டியிருந்த தன் கைகளையே பார்த்தபடி நின்றாள். அந்தக் கைகளுக்குக் கீழே இன்னொரு கை தெரிந்தது. தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், கலாராணியுடையவை. பகலில் முதலில் பிடித்த கை அதுதான். நரம்பு அகப்படாமல் தட்டித் தட்டி எடுத்தாளே, அந்தக் கை. அந்தக் கைக்காக எந்தப் பைக்குள் போனாள்?

வலது பை.

இடது கையால் கட்டுநாடாவை இழுத்துப் பிடித்திருந்தாள். ஓய்ந்திருந்தது வலது கை. வலது கை வலது பைக்குள்தான் போகும். வலது பையில் இருந்தது சிவபாக்கியத்தின் பெயர் எழுதிய குழாய்.

அப்படியானால் கலாராணி என்று போன குழாயில் இருந்தது சிவபாக்கியத்தின் இரத்தம். மேலே தொங்கிக்கொண்டிருப்பது சிவபாக்கியத்துக்குப் பொருந்துகிற பை.

ஓர் உயிர் போகும் என்றால் தொழுகையை முறிக்கலாம் என்று ஓதப் போன காலத்தில் படித்திருக்கிறாள். அதை நினைத்துப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. பாயை விட்டுப் பாய்ந்தாள். செருப்பில்லை. வெள்ளைத் தொழுகை உடுப்பு காலில் தடுக்க, அதை ஒரு கையால் முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, மழைக்குள் படியேறினாள்.

"மிஸ்ஸி, என்னாச்சு?" இராக்கம்மா ஊசியும் நூலுமாகப் பின்னால் ஓடினாள்.

"ரத்தம் பிழை. ரெண்டு பேர்ட ரத்தமும் மாறிட்டு. நான்தான் மாத்திட்டேன்."

நடுத் தட்டில் ஆண்கள் வார்ட்காரர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். வெள்ளையாக ஏதோ மழைக்குள் பறந்து போவதைப் பார்த்து ஒரு கிழவர் நெற்றிப் பொட்டைத் தொட்டுக்கொண்டார். இராக்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. எட்டி ஜிப்னாவின் கையைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, நான் சொல்றதைக் கேளுங்க. பை கசியுதுன்னு சொல்லி நிப்பாட்டிருங்க. புதுசா ரத்தம் எடுத்து அனுப்பிட்டா யாருக்குத் தெரியப் போகுது? பிழைன்னு சொன்னீங்கன்னா அந்தச் சிஸ்டர் பொம்பளை ஒங்க பத்து நிமிசத்தைப் புடுங்கிக்கும். நீங்க வேலையை விட்டுட்டுப் போயிருவீங்க. எனக்குத் தெரியாதா?"

ஜிப்னா நிற்கவில்லை. ஆனால் காதில் விழுந்தது. விழுந்தது மட்டுமா, மனசு அதைப் பிடித்துக்கொண்டது. ஏழெட்டுப் படி ஏறும்வரை அந்தப் பொய் அவளோடு கூடவே ஏறியது. பை கசிகிறது. நல்ல பொய், சின்னப் பொய். ஆனால் பதுளையில் சிவபாக்கியத்தின் பேருக்கு நேரே வேறொருத்தியின் இரத்தவகை எழுதியாகிவிட்டது. இந்தப் பொய்யைச் சொன்னால் அதைத் திருத்த இன்னொன்று வேண்டும், அதை மறைக்க மற்றொன்று. கடைசிப் படியில் அதை உதறிவிட்டு வார்டுக்குள் நுழைந்தாள்.

ஊசி ஏற்கெனவே கையில் ஏறியிருந்தது. குழாய் முழுக்கச் சிவப்பு. சிஸ்டரின் கட்டைவிரல் திருகில் இருந்தது.

"திறக்காதீங்க சிஸ்டர்."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். நனைந்த உடுப்பு, சேற்றுக் கால், மேலும் கீழும் போகிற மூச்சு. அதற்குள் ஜிப்னா குழாயை மடக்கி விரலுக்குள் இறுக்கிவிட்டாள்.

"அது கலாராணிக்குரிய ரத்தமில்ல. குழாயில நான் முந்தியே பேரெழுதிட்டேன். எடுக்கக்கொள்ள மாறிட்டு."

வார்ட் அப்படியே நின்றது. சிவபாக்கியம் ரொட்டியைச் சம்பலில் தொட்டபடி வாயைத் திறந்து பார்த்தாள். சிஸ்டர் ஊசியிலிருந்து குழாயைக் கழற்றி, உப்புத்தண்ணிப் போத்தலை மாட்டினார். பிறகுதான் கேட்டார்.

"ஏன் முந்தி எழுதின?"

"தொழப் போறதுக்கு. ரெண்டு நிமிசம் மிச்சம் பிடிக்க."

இராக்கம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வராமல்தான்.

டொக்டர் ஓடிவந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள், போக வர லொறி கிடைக்காமல் நடந்தே போய்வந்த ஜீவன், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அதற்குள்ளிருந்து அட்டையை உருவினான். டொக்டர் பிரித்துப் பார்த்தார். கலாராணி ஓ வகை. தொங்கின பையைத் திருப்பிப் பார்த்தார். பி.

"அம்பது மில்லி போயிருந்தாலே..." என்று தொடங்கியவர் ஜீவனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என்னங்க டொக்டர்?"

"ஒண்ணுமில்ல தம்பி. நல்ல நேரத்துக்கு வந்த."

டொக்டர் பதுளைக்குப் பேசினார். ஓ வகைப் பை இரண்டு உடனே தருகிறோம், புது மாதிரிகளையும் அனுப்புங்கள் என்றார்கள். இராசையா அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். நாலரைக்கு இராசையாவின் போன் வந்தது.

"டொக்டர், ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குங்க. மரத்தோட வந்து விழுந்திருக்கு. வண்டி போகாது. நான் வேணும்னா நடந்து தாண்டிருவேன். அந்தப் பக்கம் யாராவது வாங்க."

ஆஸ்பத்திரிக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். ஜிப்னா யாரையும் கேட்கவில்லை, புவாத்துக்குப் போன் அடித்தாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"சந்திக் கடையில சாமான் இறக்கிட்டு ஈக்கேன். என்ன கொரல் ஒரு மாதிரி? அழுறியா?"

"அழ நேரமில்ல. வேனக் கொண்டு வாங்க."

"அரைவாசிப் பெட்டி இன்னும் எறக்கல்ல புள்ள."

"பெட்டியோடயே வாங்க."

ஏழு நிமிஷத்தில் வேன் வாசலில் நின்றது. அதற்குள் ஜிப்னா புது மாதிரிகளை எடுத்திருந்தாள். இந்த முறை கட்டிலோரத்தில் நின்றே. "ஒங்க பேர் என்ன?" என்று சிவபாக்கியத்திடம் கேட்டாள்.

"என்ன மிஸ்ஸி, நேத்துலருந்து சிவா சிவான்னு கூப்புட்டீங்களே."

"பரவாயில்ல, முழுசாச் செல்லுங்க."

சொன்னாள். எழுதி ஒட்டினாள். சிஸ்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். மாதிரிப் பெட்டியை ஜீவன் மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினான். மண் சரிவில் ஆள் இறங்க வேண்டியிருந்தால் மலைக்காரன் கால்தான் நிற்கும் என்று அவனே சொன்னான்.

வேன் போன பிறகு நேரம் நகரவில்லை. கலாராணியின் நாடி நூற்று முப்பது, நூற்று முப்பத்தாறு. "குளுருது மிஸ்ஸி" என்றாள். இரண்டு கம்பளி போர்த்தினார்கள். "புள்ள பாலுக்கு அழுதா?" என்றாள். இல்லை, தூங்குது என்று இராக்கம்மா பொய் சொன்னாள். குழந்தை அடுத்த அறையில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் பிழை அறிக்கைப் படிவத்தைக் கொண்டுவந்து ஜிப்னாவின் முன்னால் வைத்தார். அவள் எழுதினாள். டொக்டர் எட்டிப் பார்த்து, "தொழுகைன்னு ஏன் போடுறீங்க? வேலைப் பளுன்னு போடலாமே, அதுவும் உண்மைதானே" என்றார்.

"ரெண்டும் உண்மைதான் டொக்டர்" என்று இரண்டையும் எழுதினாள். நாலு பேர் முப்பது கட்டில் என்றும் எழுதினாள். தொழப் போகிற அவசரத்தில் என்றும் எழுதினாள்.

சிஸ்டர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"எப்ப ஞாபகம் வந்துச்சு ஒனக்கு?"

"தொழுகையில. மூணாவது ரக்அத்ல."

"அப்ப தொழப் போகாம இருந்திருந்தா ஞாபகம் வந்திருக்காது."

இது ஒரு கை நீட்டல். பிடித்துக்கொண்டால் கரையேறிவிடலாம். ஜிப்னா பிடிக்கவில்லை.

"தொழ ஓடாம இருந்திருந்தா பிழையே வந்திருக்காது சிஸ்டர்."

சிஸ்டர் படிவத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு மலைக்குக் கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் அடித்துக்கொண்டே வந்தான் புவாத். வேன் நிற்பதற்குள் ஜீவன் குதித்தான். இடுப்புவரை சிவப்புச் சேறு, தலைக்கு மேல் பெட்டி. ஐம்பத்திரண்டு படியையும் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. பின்னால் வந்த புவாத் வாசலோடு நின்றுவிட்டான்.

"மண்ணுக்குள்ள நெஞ்சளவு எறங்கிட்டார் இராசையாண்ணன்" என்று இராக்கம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பெட்டிய மட்டும் உடல்ல. இவன் போய் வாங்கி, நான் கயிறு போட்டு ரெண்டு பேரையும் இழுத்து, மாதிரிப் பெட்டியோட அவர அங்கால அனுப்பி... எண்ட பிஸ்கட்டெல்லாம் தூள்."

"பிஸ்கட்டு தூளானா தேத்தண்ணியில போட்டுக் குடிக்கலாம். மனுசன் தூளாகலையே" என்றாள் இராக்கம்மா.

பை, படிவம், அட்டை, கட்டில். நாலையும் மூன்று பேர் சேர்ந்து சரிபார்த்தார்கள். ஐந்து நாற்பத்திரண்டுக்குத் திருகைத் திறந்தார் சிஸ்டர். முதல் சொட்டு விழுந்தது.

இரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிஷம் ஒரு தாதி கட்டிலை விட்டு அசையக் கூடாது. ஜிப்னா அசையவில்லை. மேற்கு ஜன்னலில் மேகம் கிழிந்து, வெளிச்சம் தேயிலைக்கு மேல் சாய்ந்து கிடந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சூரியன் இறங்கி மஃரிப் ஆகிவிடும். பாதியில் முறித்த அஸரின் நேரம் அதோடு போய்விடும். போகட்டும், இது என் கட்டில் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாலும் கண் ஒரு தரம் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். ஜிப்னாவின் கையிலிருந்து கலாராணியின் மணிக்கட்டை வாங்கி, தன் விரலை நாடியில் வைத்தார்.

"ஒன்னோடது எப்ப முடியும்?"

"இன்னும் பத்து நிமிசம் ஈக்கும் சிஸ்டர். பரவாயில்ல, நான் பொறவு..."

"பொறவும் கிறவும் வேணாம். கீழ போகாத. இங்கனயே தொழு. நான் கூப்புட்டா ஒனக்குக் கேக்கணும்."

"இங்கயா?"

"ஏன், இங்க ஒங்க சாமிக்கு விசிட்டிங் நேரம் முடிஞ்சுபோச்சா?"

இராக்கம்மா அலமாரியிலிருந்து வெளுத்த விரிப்பொன்றை எடுத்து, கட்டிலோரத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில், மேற்கு ஜன்னலைப் பார்க்க விரித்துவிட்டாள். எந்தப் பக்கம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜிப்னா கையைக் காலைக் கழுவி வுழூ செய்து, சேறு படாத உடுப்பொன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தா" என்றார் சிஸ்டர், சொட்டுக் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓடாம தொழு. அறிக்கை நாளைக்கு மேல போகும், நான் நிப்பாட்ட மாட்டேன். அவங்க கூப்புட்டு என்ன கேக்கணுமோ கேப்பாங்க. ஆனா ஒனக்கு நேரம் குடுத்தது நானு. ஓட வச்சதும் நான்தான். அதையும் கீழ எழுதிக் கையெழுத்து வச்சிருக்கேன். நாளையிலருந்து நீ கீழ போறப்ப ஒன் கட்டில்ல நான் நிப்பேன். கடியாரம் பாக்க மாட்டேன்."

ஜிப்னா தக்பீர் கட்டினாள்.

முப்பது கட்டிலும் அமைதியாக இருந்தன. சிவபாக்கியம் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறைக் குழந்தை மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை, அழுதுகொண்டே இருந்தது. ஜிப்னா நின்றாள், குனிந்தாள், நெற்றியை விரிப்பில் வைத்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் நெற்றி தரையில் கொஞ்ச நேரம் தங்கியது. நாலு ரக்அத்தும் முடிந்து உட்கார்ந்தபோது, ஜன்னலில் சூரியனின் ஒரு விளிம்பு இன்னும் இருந்தது.

வலது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னாள். அங்கே கலாராணி கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சுண்ணாம்பு கலைந்து, கொஞ்சமாய்ச் சிவப்பு தெரிந்தது. இடது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னாள்.

"முடிஞ்சிச்சா?" என்றார் சிஸ்டர். "நாடி எறங்கிருச்சு, நூத்திப் பதினாறு. வந்து பிரஷரை எடு. அப்படியே அந்தப் புள்ளைய யாராவது தூக்கிட்டு வந்து ஆத்தாகிட்டக் குடுங்கப்பா, காது போகுது எனக்கு."